மூலையில் ஓடும் எண்: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், பழகிய பிறகு

என் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது விநாடிக்கு 144 தடவை படத்தைப் புதுப்பிக்கும் திரை, பழுது பார்த்துத் திரும்பி வந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்றணும் என்று சொன்ன தொகையைக் கேட்டு வாயடைத்துப்போய், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒருவரிடம் கொடுத்தேன். இரண்டு கெப்பாசிட்டரோடு வேலை முடிந்தது. அது கடையில் கிடந்த நாட்களில் பரணில் இருந்த பழைய 60 ஹெர்ட்ஸை இறக்கித் துடைத்து அதில்தான் ஆடினேன். இதற்கு நடுவில் அத்தை பையன் வாட்ஸ்அப்பில், "மச்சான், 240 ஹெர்ட்ஸ் விலை இறங்கிருக்கு. எஃப்.பி.எஸ் கூடினா நெஜமாவே தெரியுமா, இல்ல சும்மா சொல்றாங்களா?" என்று கேட்டான். எஃப்.பி.எஸ் என்றால் கேம் ஒரு விநாடிக்கு எத்தனை படங்களை, அதாவது ஃபிரேம்களை, உருவாக்குகிறது என்ற கணக்கு. அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது.

தெரியும். கேமைத் திறக்கவே வேண்டாம், டெஸ்க்டாப்பில் மவுஸைச் சுழற்றினாலே போதும். 60-ல் பாயிண்டர் விட்டுவிட்டுத் தாவும், 144-ல் கையோடு ஒட்டிக்கொண்டு வரும். வாலரண்ட் மாதிரி மவுஸால் குறிபார்க்கும் கேமில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். சட்டென்று திரும்பும்போது சுவர் விளிம்பு கலங்காமல் இருக்கும், மூலையிலிருந்து எட்டிப்பார்ப்பவன் ஒரு கணம் முன்னதாகக் கண்ணில் படுவான். பழைய மானிட்டருக்கு மாறிய முதல் நாள் மவுஸில் ஈரத்துணியைக் கட்டிவிட்டது போலிருந்தது. ரேங்க் ஏறியதா என்று கேட்காதீர்கள். ஏறவில்லை.

ஆனால் கூடக்கூட லாபம் குறைந்துகொண்டே போகும். 30 எஃப்.பி.எஸ்-ல் ஒரு ஃபிரேம் திரையில் நிற்பது 33.3 மில்லிவிநாடி. 60-ல் 16.7, 144-ல் 6.9, 240-ல் 4.2. ஆக 30-லிருந்து 60-க்குப் போனால் கிட்டத்தட்ட 17 மில்லிவிநாடி மிச்சம், 60-லிருந்து 144-க்குப் போனால் 10. அங்கிருந்து 240-க்குத் தாவினால் 3 கூடத் தேறாது. அந்த மூன்றுக்குக் காசு கொடுப்பது போட்டிகளில் ஆடுகிறவர்களின் கவலை. அத்தை பையன் ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஆடுகிற ஆள்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று கிடைத்தது, அதுவும் கேமில் இல்லை, சினிமாவில். படங்கள் விநாடிக்கு 24 ஃபிரேம். 24-ஆல் 60-ஐ வகுத்தால் மீதி வரும் என்பதால் ஒரு ஃபிரேமை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை என்று மாற்றிமாற்றிக் காட்டவேண்டியிருக்கிறது. கேமரா மெதுவாக நகரும் காட்சியில் படம் லேசாகத் தடுக்குவது அதனால்தான். 144-ல் ஒவ்வொரு ஃபிரேமும் கணக்காக ஆறு தடவை. வீட்டில் வேறு யாருக்கும் இந்த வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது, அது போதும்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். திரை மூலையில் பச்சையில் ஓடும் அந்த எஃப்.பி.எஸ் எண். இந்த மானிட்டர் வந்ததிலிருந்து எந்தக் கேமைத் திறந்தாலும் கண் முதலில் போவது அங்கேதான். 144 என்று காட்டினால் நிம்மதி. 97 ஆனதும், திரையில் எதுவும் கெடவில்லை என்றாலும், மனசு கெட்டுவிடுகிறது. கேமின் வேகத்துக்கு ஏற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க் இருப்பதால் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை, ஆனால் எண் படுகிறதே! உடனே செட்டிங்ஸுக்குள் போய் நிழலைக் குறை, புல்லைக் குறை, தூரத்துக் கட்டடங்களைக் குறை. சைபர்பங்க் 2077 கேமில் வரும் நைட் சிட்டி நகரத்தை நான் முழுசாகப் பார்த்ததே அந்தப் பழைய 60-ல்தான். எஃப்.பி.எஸ்-ஐ 60-க்கு மேல் போகாமல் பூட்டி, காட்சி செட்டிங்ஸ் எல்லாவற்றையும் மேலே ஏற்றி வைத்தேன். மழை, நியான் வெளிச்சம், ஈரத் தார்ச்சாலையில் அதன் பிரதிபலிப்பு. ஃபேன் சத்தம்கூட அடங்கியது. முதலில் கேமரா திருப்புவது கனமாக இருந்தது, ஒரு வாரத்துக்குள் அதையும் மறந்துவிட்டேன்.

பல கேம்களுக்கு இந்த மானிட்டர் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். எல்டன் ரிங் கம்ப்யூட்டரிலும் 60-ஐத் தாண்டாது, பூட்டித்தான் விற்கிறார்கள். 2022-ல் அது வந்தபோது எல்லோரும் திட்டியது அந்த 60-ஐவிட, நடுநடுவே படம் திக்கி நின்றதைத்தான். 2011-ல் வந்த பழைய ஸ்கைரிமை 60-க்கு மேல் ஓட்டினால் கேமின் இயற்பியல் கணக்கு குழம்பி, மேஜையில் இருக்கிற சாமான்கள் தானாகப் பறக்கும். அதைப் பார்க்கவாவது ஒருமுறை ஓட்டலாம்.

இவ்வளவு போதாதென்று ஃபிரேம் ஜெனரேஷன் வேறு. இரண்டு நிஜ ஃபிரேம்களுக்கு நடுவே கிராஃபிக்ஸ் கார்டு தானே ஒன்றை உருவாக்கிச் செருகுகிறது. நடுவில் செருக வேண்டுமானால் அடுத்த நிஜ ஃபிரேம் தயாராகும்வரை காத்திருக்கவேண்டும், அதனால் கையின் அசைவு திரைக்கு வர இன்னும் கொஞ்சம் தாமதம். 40-ல் ஓடுகிற கேமில் மூலையில் 75 என்று காட்டும், மவுஸுக்கு அது 40-தான். அடித்தளமே 80, 90 என்று இருந்தால் நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ் வருமுன் வெளியிட்ட பரிந்துரைப் பட்டியலில், 1080p தெளிவில் 60 எஃப்.பி.எஸ் என்று போட்டிருந்ததே இந்தச் செருகல் ஃபிரேம்களையும் சேர்த்துத்தான். இதற்கு ஒரு பட்டியல், அதற்கு ஒரு பரிந்துரை!

என்னைக் கேட்டால் சீராக ஓடுகிற 60, எண்பதுக்கும் நூற்று நாற்பதுக்கும் நடுவே துள்ளுகிற எதையும்விட மேல். வாலரண்டுக்கு மட்டும் 144. அதற்குப் பழகிய கை திரும்பி வர மறுக்கும், அதனால் இந்த மானிட்டரை விற்கச் சொன்னால் விற்க மாட்டேன்.

ஆனால் மச்சான், நீ வாங்காதே. 240 கிடக்கட்டும், 144-கூட வேண்டாம். உன்னிடம் இருப்பது 1650 என்ற பட்ஜெட் கிராஃபிக்ஸ் கார்டு, நீ ஆடுவதெல்லாம் கதை கேம், அதுவும் இன்னும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஓடுகிறது. புது ஊருக்குள் நுழையும்போதெல்லாம் படம் உறைந்து நிற்கிறது என்று போன மாதம் புலம்பினாயே, அதை எந்த ஹெர்ட்ஸும் சரிசெய்யாது. முதலில் ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான ஒரு எஸ்.எஸ்.டி வாங்கிப் போடு.