கனத்த பழைய 5 ரூபாய் நாணயம்: நல்ல காசு ஏன் கையில் தங்கவில்லை?

இந்திய நாணயச்சாலைகள் அடித்ததில் கைக்கு மிக நன்றாக ஒத்துவந்த காசு, 1992-இல் வந்த பழைய 5 ரூபாய்தான். எடை 9 கிராம், குறுக்களவு 23 மில்லிமீட்டர். விளிம்பின் நடுவே ஒரு பள்ளக் கோடு சுற்றி ஓடும். கட்டைவிரல் நகத்தை வைத்தாலே தட்டுப்படும். பைக்குள் கைவிட்டு, பார்க்காமலேயே மற்ற சில்லறையிலிருந்து பிரித்து எடுத்துவிடலாம். கீழே போட்டால் கணீரென்று கேட்கும்.

அந்தக் கனமே அதற்கு எமன் ஆனது. கப்ரோ நிக்கல் கலவையில் 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல். ஆக, ஒரு காசுக்குள் 6.75 கிராம் செம்பும் 2.25 கிராம் நிக்கலும் இருக்கின்றன. இந்த இரண்டின் விலையும் ஏறியபோது, காசின் முகமதிப்பை உலோகத்தின் மதிப்பு தாண்டிவிட்டது. நாணயத்தை உருக்குவது 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம். ஆனாலும் இப்படிப்பட்ட காசு புழக்கத்தில் நிலைக்காது. அடுத்து வந்த எஃகு 5 ரூபாயும், 2009 முதல் வந்த மஞ்சள் நிற நிக்கல் பித்தளைக் காசும் அதே 23 மில்லிமீட்டர்தான். ஆனால் எடை 6 கிராமாகக் குறைந்துவிட்டது. பித்தளைக் காசு கைவியர்வையில் சீக்கிரம் கறுக்கிறது, பழையதன் பிடிமானமும் அதில் இல்லை.

சின்னக் காசுகள் மறைந்ததற்குக் காரணம் வேறு. 1988 முதல் புழங்கிய எஃகு 50 காசு 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். 2011-இல் வந்த 1 ரூபாயும் அச்சு அசலாக அதே அளவு, அதே எடை. 1992-இன் எஃகு 1 ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம், 2011-இன் 2 ரூபாயும் அதேதான். கீழே இருந்த காசின் உடம்பை மேலே இருந்தது எடுத்துக்கொண்டது. மங்கிய விளக்கில் சில்லறை எண்ணும் மளிகைக்கடைக்காரருக்கு இது தீராத தலைவலி. 50 காசை வாங்கவே மாட்டேன் என்று அவர் கைவிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உண்மையில் 50 காசு இன்றும் செல்லும், ஒரே தடவையில் 10 ரூபாய் வரை கொடுக்கலாம். செல்லாமல் போனவை 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் மட்டுமே, 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு.

வங்கிக்குப் போய்ச் சேரும் கப்ரோ நிக்கல் 1 ரூபாயும் 50 காசும் கவுண்டர் வழியாகத் திரும்பி வருவதில்லை, உருக்குவதற்கு நாணயச்சாலைக்குப் போய்விடுகின்றன. வீட்டு உண்டியலை மாற்றப் போகிறவர்கள் காசுகளை ரகவாரியாகப் பிரித்து, நூறு நூறாக பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டுபோனால் காசாளருக்கு வேலை சுலபம். வங்கியில் காசு செலுத்துவதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை.

உண்டியலில் கனத்த 5 ரூபாய் கிடைத்தால் முதலில் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். எஃகுக் காசு ஒட்டிக்கொள்ளும், கப்ரோ நிக்கல் ஒட்டாது. பித்தளையும் ஒட்டாது என்பதால் நிறத்தையும் விளிம்புப் பள்ளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; சேகரிப்பவர்கள் பளபளப்பாக்கிய காசை ஒதுக்கிவிடுவார்கள். லட்சக்கணக்கில் விலை தருகிறேன், முதலில் கமிஷன் கட்டு என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி ஃபோன் வந்தால் உடனே துண்டித்துவிடுங்கள். அப்படிக் கட்டணமோ கமிஷனோ தாங்கள் கேட்பதே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது.