போதகர், சபையார் நேர்காணல்களை ஆராய டாகெட் மென்பொருள்: எங்கள் மதிப்பீடு

திருச்சபை ஊழியத்தை ஆராய்பவர்களுக்கு டாகெட் (Taguette) நல்ல துணை. இலவசம், சொந்தக் கணினியில் நிறுவிக்கொண்டால் விசுவாசிகள் நம்பிச் சொன்னது வெளியே போகாது. எங்களுக்கு இதுதான் முதல் தகுதி.

எழுத்தாக்கிய நேர்காணலை ஏற்றி, வரியைத் தேர்ந்தெடுத்து, அது எதைப் பற்றியது என்று காட்டும் குறிச்சொல் இட வேண்டும். “ஜெபக்கூட்டத்துக்கு வர்றதில்ல, ஷிப்ட் ஒத்துவரல” என்று ஒருவர் சொன்னதற்கு ‘ஆர்வக்குறைவு’ என்று போட்டால் ஆய்வே தடம் புரளும். ‘வேலை நேரம்’ என்பதே சரி. முதல் 3 நேர்காணல்களை இருவர் தனித்தனியே குறியிட்டு ஒப்பிடுங்கள். ஒருவர் அந்தச் சபையைச் சேராதவராக இருக்கட்டும். போதகர் மீதான குறையைச் சபைக்குள் இருப்பவர் மென்மையாக்கிவிடுவார்.

பாமினி போன்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சான கோப்புகளை முதலில் யூனிகோடாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் வாசிக்கவே முடியாது. ஒலிப்பதிவை நேரடியாக ஏற்ற வழியில்லை, பெரிய குறைதான்.