வடபழனி பக்கம் சிபிஆர் ட்ரெய்னிங் போயிட்டு வந்தேன்

போன வருஷம் மாமா வீட்லயே மயங்கி விழுந்தப்போ 108க்கு போன் பண்ணிட்டு நாங்க எல்லாரும் கைய பிசைஞ்சுகிட்டு நின்னோம், அந்த நெனப்பு தூங்க விடல, அதான் சனிக்கிழமை வடபழனி பக்கம் ஒரு சென்டர்ல பேசிக் லைஃப் சப்போர்ட் க்ளாஸ் சேர்ந்தேன், சிபிஆர், அதாவது இதயம் நின்னு போனவங்களுக்கு நெஞ்ச அமுக்கி முதலுதவி பண்றது, அதெல்லாம் சொல்லித் தர்ற க்ளாஸ். பாதி பேர் நர்ஸிங் ஸ்டாஃப், மீதி என்னை மாதிரி ஆளுங்க.

பொம்மை நெஞ்சு மேல அமுக்குறது பாக்கத்தான் ஈஸி. 5 சென்டிமீட்டருக்கு கொறையாம, நிமிஷத்துக்கு 100லேருந்து 120 தடவை, ரெண்டே நிமிஷத்துல முதுகெல்லாம் வேர்த்து தோள்பட்டை விட்டுப் போச்சு. சரியான ஆழம் போனா உள்ள க்ளிக்னு சத்தம் வரும், எனக்கு மொதல்ல வரவே இல்ல, ட்ரெய்னர் அக்கா பக்கத்துல மண்டி போட்டு "முழங்கைய மடக்காதம்மா, உடம்பு வெயிட்ட எறக்கு"ன்னாங்க, அப்புறம்தான் வந்துச்சு. இதயத்துக்கு கரண்ட் ஷாக் குடுக்குற ஏஈடி மெஷின் அதுவே பேசி சொல்லித் தருது, ஷாக் குடுக்கும்போது யாரும் தொடாம இருக்கணும்.

ஒரே வருத்தம், குழந்தைக்கு தொண்டைல அடைச்சா என்ன செய்யணும்ங்கறத கடைசி பத்து நிமிஷத்துல அவசரமா முடிச்சுட்டாங்க, அவ்ளோ அம்மாங்க வந்திருந்த க்ளாஸ்ல அதுக்குத்தான் நேரம் வேணும். 20 பேருக்கு 3 பொம்மையும் பத்தாது. ஆனா கட்டின காசு வீண் இல்ல, அடுத்த பேட்ச்ல தம்பியையும் எங்க ஃப்ளாட் வாட்ச்மேன் அண்ணனையும் சேர்த்து விடப் போறேன்.