பிக்கப் கதவில் காற்றுச் சத்தம்: 13,800 ரூபாய் தண்டம் அழுத கதை

பிக்கப் வைத்திருப்பவர்கள், அதிலும் நாகர்கோவில் – நெல்லை ரோட்டில் ஓட்டுபவர்கள், இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

என்னுடையது நாலு கதவு வண்டி, ஏழு வருஷம் ஓடியது. தோவாளையில் விடியற்காலை பூ ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போவேன். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் அடிக்கிற காற்று வண்டியையே ஒரு பக்கமாகத் தள்ளும். காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டிருக்கிறார்கள்! அதனால் காற்றுச் சத்தம் எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்த வருஷம் எழுபதைத் தாண்டினாலே டிரைவர் கதவின் மேல்மூலையில், சரியாக என் வலது காதுக்குப் பக்கத்தில், ஒரு விசில் கிளம்பியது. கூட வந்த மச்சான், "அந்த ரேடியோவை அணைங்க அத்தான்" என்றான். ரேடியோ ஓடவே இல்லை.

திருநெல்வேலியில் ஒரு அக்சசரீஸ் கடையில் காட்டினேன். கடைக்காரர் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. கதவை ஒருமுறை திறந்து சாத்தினார், கதவைச் சுற்றியிருக்கிற பீடிங் ரப்பரைக் கட்டைவிரலால் அமுக்கினார். "பீடிங் செத்துப்போச்சு அண்ணாச்சி. நாலு கதவுக்கும் கம்பெனி பீடிங் போட்டு, உள்ளே சத்தத்தை அமுக்குற டேம்பிங் ஷீட் ஒட்டிட்டா புதுக் கார் மாதிரி இருக்கும்." சத்தம் வருவது ஒரு கதவில், எதற்கு நாலையும் மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கணும். கேட்கவில்லை. 13,800 ரூபாய். பில் என்று கொடுத்தது ஒரு வெள்ளைத் துண்டுச்சீட்டு, அதில் 'டோர் ஒர்க்' என்று மட்டும் எழுதியிருந்தது.

சாயங்காலம் வண்டியை எடுத்தால் கதவு சாத்தவே மாட்டேன் என்கிறது. ஓங்கி அறைந்தால்தான் லாக் விழுகிறது. "புது ரப்பர், ஒரு வாரத்துல படிஞ்சிடும்" என்றார். புது பீடிங் படியச் சில நாள் ஆகும் என்பது உண்மைதான். அந்த அரை உண்மையில்தான் நான் விழுந்தேன். மறுநாள் முப்பந்தலில் அதே விசில்.

பத்து நாள் கழித்து நல்ல மழை. அப்புறம் பிரேக் போடும்போதெல்லாம் கதவுக்குள் 'களக் களக்' என்று தண்ணீர் ஆடும் சத்தம். வள்ளியூரில் எனக்குப் பழக்கமான டிங்கர் மேஸ்திரி ஒருவர் உண்டு. அவரிடம் விட்டேன். பீடிங்கை நகத்தால் நெம்பினார், நாடா மாதிரி உரிந்து வந்தது. மீட்டர் கணக்கில் விற்கிற ஒட்டு ஃபோம். அடியில் என்னுடைய பழைய ரப்பர் அப்படியே இருந்தது, மேலே டயர் பாலிஷ் தடவிய பளபளப்போடு. நாலு கதவிலும் இதே கதை.

உள் அட்டையைக் கழற்றியதும் அவருக்கே கோபம் வந்துவிட்டது. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவது சகஜம். அது வடியத்தான் கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கடைக்காரர்கள் ஷீட்டையும் கறுப்புப் பசையையும் வைத்து அதை அடைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு மழைக்காலம் போயிருந்தால் அடித்தகடு துருப்பிடித்துப் பொத்தல்தான்.

சரி, விசில் எங்கிருந்து வந்தது? மேஸ்திரி ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தார். சுற்றிலும் இறுக்கமாக வந்த நோட்டு, பின்பக்க மேல்மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. போன வருஷம் அந்தக் கதவு லாக்கை மாற்றியிருந்தேன். அப்போது பில்லரில் இருக்கிற கொக்கி, அதாவது லாக் போய்க் கவ்வுகிற அந்தக் கம்பி, வெளிப்பக்கமாக நகர்ந்துவிட்டது. நிறுத்தி வைத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. வேகம் போகப் போகக் கண்ணாடிக்கு வெளியே காற்றழுத்தம் குறைந்து கதவை வெளியே இழுக்கும். அப்போது அந்த இடுக்கு விரிந்து விசில் அடிக்கும். பென்சிலால் கொக்கியைச் சுற்றிக் கோடு போட்டார், இரண்டு திருகைத் தளர்த்தினார், இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி முறுக்கினார். நோட்டு பிடித்துக்கொண்டது. இருபது நிமிஷ வேலை.

மிச்சமிருந்த லேசான 'உஸ்' சத்தத்துக்கு மழை வைசரின், அதாவது ஜன்னலுக்கு மேலே சாரலைத் தடுக்கிற பிளாஸ்டிக் பட்டையின், முன்விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பணகுடி வரை ஓட்டினோம். சத்தம் நின்றது. திரும்பி வந்து வைசரையே கழற்றிப் போட்டுவிட்டேன். இந்த டேப் வேலையை நீங்களே செய்யலாம். கதவு இடுக்குகளில் ஒட்டிவிட்டு ஓட்டுங்கள், பிறகு ஒவ்வொன்றாக உரியுங்கள். எதை உரிக்கும்போது சத்தம் திரும்புகிறதோ அங்கேதான் கோளாறு. டேப் நாற்பது, ஐம்பது ரூபாய் இருக்கும்.

கொக்கிக்கு 300 ரூபாய். ஷீட்டைச் சுரண்டி ஓட்டைகளைத் திறக்கத்தான் அரை நாளும் 1,500 ரூபாயும் ஆனது.

நிஜமாகவே பீடிங் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். ஆனால் பார்ட் நம்பரும் எம்.ஆர்.பி.யும் அச்சிட்ட உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள், கழற்றிய பழைய ரப்பரைக் கேட்டு வாங்குங்கள். 'பழசு எங்கே' என்று நான் அன்றைக்கே கேட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும்.

கடையில் போய்க் கேட்டேன். "பிரிச்சிட்டு வந்துட்டீங்களே, இனி நாங்க என்ன பண்றது" என்றார்கள். 1915-இல், அதுதான் நுகர்வோர் உதவி எண், புகார் பதிந்திருக்கிறேன். துண்டுச்சீட்டு, ஜிபே ரசீது, ஃபோம் உரியும்போது மச்சான் எடுத்த வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பணம் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.