பேனலை அகலமாக்கினால் ஸ்லைடர் நீளும், கூடவே கர்வும் வளரும்

நான் பயன்படுத்தும் போட்டோ எடிட்டிங் மென்பொருளின் விலை குறைந்த நாளிலிருந்து ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர்கள் ஆளாளுக்குக் கேட்கிறார்கள்: "நீ ரொம்ப நாளா வச்சிருக்கியே, வாங்கலாமா?" மென்பொருளின் பெயர் வேண்டாம். சந்தா கட்டிப் பயன்படுத்தும் ஒரு ரா எடிட்டர் (கேமரா பதிவு செய்த மூல ஃபைலைத் திருத்தும் மென்பொருள்), அது போதும். விலை குறைவதற்குச் சற்று முன்புதான் பழைய விலைக்கே புதுப்பித்தேன். ஆகவே கீழே வரும் எரிச்சலில் கொஞ்சத்தைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எவ்வளவு ரேம் கேட்கும், எந்தக் கேமரா ஃபைலைத் திறக்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பேசப்போவது திருத்தும் கருவிகள் இருக்கும் வலப்பக்கப் பேனலின் ஓரத்தைப் பற்றி மட்டும்.

அந்த ஓரத்தை மவுஸால் பிடித்து இழுக்கலாம். இழுத்தால் எழுத்து பெரிதாகாது, எண் இருக்கும் கட்டமும் அப்படியே நிற்கும். கூடுகிற அகலம் முழுவதும் ஸ்லைடர் கோட்டுக்கே, அதாவது குமிழை இழுத்து அளவை மாற்றும் கோட்டுக்கே, போகும். இதன் அருமை கணக்குப் போட்டால்தான் தெரியும். எக்ஸ்போஷர், அதாவது படத்தின் வெளிச்சம், -5 முதல் +5 வரை, மொத்தம் 10 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பு). கோடு 100 பிக்சல் நீளம் என்றால், மவுஸ் ஒரு பிக்சல் நகர்ந்தாலே 0.1 ஸ்டாப் மாறிவிடும். கோட்டை 250 பிக்சலாக நீட்டிவிட்டால் அதே அசைவுக்கு 0.04 மட்டுமே.

முகூர்த்தப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தின் மஞ்சள் விளக்கு ஒரு பக்கம், வீடியோக்காரரின் வெள்ளை எல்இடி மறுபக்கம், மணப்பெண்ணின் கன்னத்தில் இரண்டும் பாதிப் பாதி. ஒயிட் பேலன்ஸை, அதாவது படத்தின் மஞ்சள்-நீலச் சாயலை, கொஞ்சம் நீலப் பக்கம் தள்ளினால் முகம் தெளியும். இன்னும் ஒரு இழை தள்ளினால் அரக்குப் பட்டு கத்தரிப்பூ நிறமாகிவிடும், பெண்ணின் அம்மா ஆல்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். குறுகிய பேனலில் ஸ்லைடர் அந்த நடு இடத்தைத் தாண்டித் தாண்டிப் போகும். அகலப் பேனலில் அங்கேயே நிற்கும். எண்ணை டைப் செய்யலாமே என்பவர்களுக்கு: என் கண் முகத்தில் இருக்கிறது, கை தேடிக்கொண்டிருக்கிறது, எந்த எண் என்பது எனக்கே முன்கூட்டித் தெரியாது.

சரி, இவ்வளவு நல்ல விஷயத்தில் என்ன குறை? ஸ்லைடர் பக்கவாட்டில் மட்டும் நீள்கிறது. டோன் கர்வ், அதாவது இருட்டையும் வெளிச்சத்தையும் வளைகோடு ஒன்றால் திருத்தும் கட்டம், அப்படியில்லை, அது சதுரம். பேனலை 300-இலிருந்து 450 பிக்சலுக்கு இழுத்தால் கர்வின் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறிவிடுகிறது. நிறம் தேர்ந்தெடுக்கும் வட்டங்களான கலர் வீல்களும் அதே கதை. கூடத்தைப் பெரிதாகக் கட்டச் சொன்னால் அடுப்படியைக் கொண்டுபோய்த் தெருவில் வைத்த கொத்தனார் மாதிரி, நான் அடிக்கடி தொடும் ஸ்கின் டோன் ஸ்லைடர்கள் திரைக்குக் கீழே போய்விடுகின்றன. பெரிய மானிட்டரில் சமாளித்துவிடலாம். என் லேப்டாப் 1920×1080, ஸ்கேலிங், அதாவது திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு, 150 சதவீதம். அதாவது வேலை செய்யக் கிடைப்பது 1280×720 அளவு இடம்தான். அந்த 720-இல் கர்வே 450-ஐ விழுங்கினால் மிச்சம் 270. அதிலும் மேலே மெனு, கீழே படங்களின் வரிசை.

நியாயமாகச் சொன்னால் கலர் வீல் வட்டமாகத்தான் இருக்க வேண்டும், நீள்வட்டமானால் நிறத்தின் கோணமே குழம்பும். கர்வுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உயரத்துக்கு ஒரு வரம்பு வைக்க வழி கொடுத்திருக்கலாம். எழுதிக் கேட்டேன், நன்றி சொல்லிப் பதில் வந்தது, அதோடு சரி. கர்வை மூடி வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். மூடி வைக்கவா காசு கட்டுகிறேன்?

காசே வாங்காதவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். 3டி வேலைக்கான இலவச மென்பொருள் பிளெண்டரில் பேனலின் அகலம் வேறு, அதற்குள் இருப்பவற்றின் அளவு வேறு. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸின் நடுப் பட்டனால் இழுத்தால் பேனலில் உள்ளவை மொத்தமாகப் பெரிதாகும், சிறிதாகும். ஹோம் கீயைத் தட்டினால் பழைய அளவுக்கு வந்துவிடும். இலவச ரா எடிட்டரான டார்க்டேபிளில் ஸ்லைடர் மேல் ரைட் கிளிக் செய்தால் ஒரு விசிறி விரியும். மவுஸைக் கீழே இறக்க இறக்க நுணுக்கம் கூடும், பேனலை அகலமாக்கும் தேவையே குறைந்துவிடும்.

ஆனாலும் தோல் நிறம் எடுப்பதில் இந்தச் சந்தா மென்பொருளுக்கு ஈடாக எதுவும் என் கைக்கு அமையவில்லை. அதை மறைக்கப்போவதில்லை. அப்படியானால் வாங்கலாமா? லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது என்றால் இப்போதைக்கு வேண்டாம். அந்தக் காசை ஒதுக்கி, முதலில் 1920×1200 மானிட்டர் ஒன்றைப் பாருங்கள், 1920×1080 மானிட்டரைவிட உயரத்தில் 120 பிக்சல் கூடுதலாகக் கிடைக்கும். இன்னொரு தள்ளுபடி எப்படியும் வரும்.