ஷாங்காயா, ஷென்ஜெனா?

சீனாவின் உலக நகரம் என்றதும் பலரும் ஷாங்காயைத்தான் சொல்வார்கள். நியாயம்தான். பிரிட்டனோடு சீனா செய்துகொண்ட 1842 நான்கிங் உடன்படிக்கையால் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்ட துறைமுகம் அது. 1990இல் நகரின் கிழக்குப் பகுதியான புதோங்கை வளர்க்கும் திட்டம் வந்ததும் பழைய செல்வாக்கு திரும்பியது. 2010 முதல் கன்டெய்னர் கையாளுவதில் உலகிலேயே முதலிடம். வங்கி, கப்பல், நிதி என்றால் ஷாங்காய்தான், சரி.

ஆனால் என் ஓட்டு ஷென்ஜெனுக்கு. அந்த மாதிரிப் பழம்பெருமை அதற்குக் கிடையாது. ஹாங்காங்கை ஒட்டியிருந்ததால் 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக்கினார்கள். அப்புறம் தொலைத்தொடர்புக் கருவி செய்யும் ஹுவாவே, இணைய நிறுவனமான டென்சென்ட், மின்சார கார் செய்யும் பிஒய்டி எல்லாம் அங்கேதான் பிறந்தன. அங்குள்ள ஹுவாச்சியாங்பெய் மின்னணுச் சந்தையில் மாடி மாடியாகச் சின்னச் சின்னக் கடைகள். சிப், கெப்பாசிட்டர், கேமரா லென்ஸ் என்று கண்ணாடிப் பெட்டிகள் நிறைய உதிரிபாகங்கள். புதுக் கருவி ஒன்றைச் செய்துபார்க்க நினைப்பவருக்கு வேண்டியதில் பெரும்பகுதி நடந்துபோகும் தூரத்திலேயே கிடைத்துவிடும்.