இட்லியா, கேழ்வரகுக் கூழா? சிறுநீரக நோயாளியின் காலை உணவு

வேலூர்ப் பக்கத்து வீடுகளில் சிறுநீரகம் பழுதுபட்டவருக்குக் காலையில் இட்லி தருவதா, பழகிய கூழையே தொடர்வதா என்ற தயக்கம் உண்டு.

பொட்டாசியம் (பழுதான சிறுநீரகத்தால் சரிவர வெளியேற்ற முடியாத தாது): 100 கிராம் கேழ்வரகில் 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அரிசியில் அதில் பாதிகூட இல்லை. ஆனால் உளுந்து சேர்வதால் இட்லியில் இந்த இடைவெளி குறைகிறது. கூழிலும் நொய் கலந்து நீர்த்துவிடுகிறது.

நீர்: உண்மையான வேறுபாடு இங்கேதான். ஒரு சொம்புக் கூழில் பெரும்பகுதி தண்ணீரே என்பதால், டயாலிசிஸ் செய்துகொண்டு அளந்து குடிப்பவர், வேலூர் வெயிலில் தாகம் வாட்டினாலும், அதையும் அன்றைய நீர்க்கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

உப்பு: நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்க வேண்டிய உப்பை, கூழோடு கடிக்கும் மோர்மிளகாயும் கருவாடும் விரைவில் தீர்த்துவிடும். இட்லிக்கு வீட்டில் அரைத்த மாவே நல்லது. கடை மாவில், உப்பைப் போலவே சோடியம் உள்ள சமையல் சோடா சேர்ந்திருக்கலாம்.

தொடுகறி: இட்லியைக் கெடுப்பது பெரும்பாலும் சாம்பார்தான், துவரம்பருப்பில் பொட்டாசியம் மிகுதி, தேங்காய்ச் சட்னியும் சளைத்ததல்ல.

ஆகவே நீர்க்கட்டுப்பாடு உள்ளவருக்கும் கால் வீங்கியவருக்கும் சட்னியைத் தொட்டுக்கொள்ளும் அளவோடு இட்லியே ஏற்றது. தொடக்க நிலையில், இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும், அதைப் போலவே உடலில் தேங்கும் தாதுவான பாஸ்பரசும் சீராக உள்ளவர், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சின்ன வெங்காயத்துடன் ஒரு டம்ளர் கூழ் குடிக்கலாம்.